சின்ன நகரத்தில் வருமானத்துக்கேற்ற வாடகை வீடு: ஒன்ராறியோவில் விண்ணப்பிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரொறன்ரோ வாடகை கட்டுப்படியாகாமல் கிங்ஸ்ரன், பீற்றர்பரோ, கோர்ன்வால், பிரான்ட்ஃபோர்ட், சென் தோமஸ் போன்ற நகரங்களுக்குப் போக யோசிப்பவர்களுக்கும், ஏற்கெனவே அங்கே இருந்துகொண்டு அரச உதவி வாடகை வீட்டுக்குக் காத்திருப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். பட்டியலில் பெயர் பதிவது ஒரு நாள் வேலை. அந்தப் பெயரை வருடக்கணக்காக உயிரோடு வைத்திருப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆகவே அந்தப் பகுதியை இங்கே கூடுதலாகவே சொல்லியிருக்கிறோம்.

வருமானத்துக்கேற்ற வாடகை என்றால் என்ன? மலிவு வாடகை வீடும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. வருமானத்துக்கேற்ற வாடகையில், அதாவது எல்லோரும் ‘ஆர்.ஜி.ஐ.’ என்று சொல்வதில், குடும்பத்தின் வருமானத்தில் ஏறத்தாழ 30 வீதம் வாடகையாகும். வருமானம் குறைந்தால் வாடகையும் குறையும். மலிவு வாடகை வீட்டில் வாடகை ஒரு நிலையான தொகை. சந்தை விலையை விடக் குறைவாக இருக்கும், ஆனால் உங்கள் சம்பளத்தைப் பார்த்து மாறாது.

மலிவு வாடகை வீடுகளுக்குப் பல இடங்களில் தனிப்பட்டியல் உண்டு. சில கட்டடங்களில் நேரே அலுவலகத்திலேயே பெயர் கொடுக்கலாம். ஆர்.ஜி.ஐ. பட்டியலில் இருந்துகொண்டே அங்கும் பதியலாமா என்று கேட்டுப் பதிந்துவிடுங்கள். சின்ன நகரத்தில் புதிதாகக் கட்டும் கட்டடங்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

எங்கே விண்ணப்பிப்பது? ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியாகவா?

ஒன்ராறியோவில் வீட்டுச் சேவையை 47 ‘சேவை முகாமையாளர்கள்’ நடத்துகிறார்கள். பெரும்பாலும் இது நகரசபை அல்லது கவுன்ரி. வடக்கில் மாவட்டச் சபைகள். ஒவ்வொருவரிடமும் ஒரே மையப்பட்டியல் இருக்கும். ஒரு விண்ணப்பம் போட்டால் அந்தப் பகுதியிலுள்ள நகரசபை வீடுகள், இலாப நோக்கற்ற அமைப்புகளின் கட்டடங்கள், கூட்டுறவு வீடுகள் எல்லாவற்றுக்கும் அதிலேயே தெரிவு செய்யலாம்.

பகுதி நகரத்தோடு முடிவதில்லை என்பதைக் கவனியுங்கள். கிங்ஸ்ரன் பட்டியலில் ஃப்ரொன்ரெனாக் கவுன்ரியும், கோர்ன்வால் பட்டியலில் ஸ்டோர்மொன்ட், டண்டாஸ், கிளெங்கரி ஊர்களும், சென் தோமஸ் பட்டியலில் எல்ஜின் கவுன்ரியும் சேரும். நகரத்துக்குள் என்று நினைத்துத் தெரிவு செய்த கட்டடம், கார் இல்லாமல் மளிகைக்கடைக்கே போக முடியாத ஊரில் இருக்கக்கூடும்.

ஒன்றுக்கு மேற்பட்ட பகுதிகளில் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றிலும் தனித் திகதி, தனிக் கோப்பு. ரொறன்ரோவில் பல வருடம் காத்திருந்தேன் என்பது பீற்றர்பரோவில் உங்களை முன்னே கொண்டுபோகாது. போகலாம் என்று எண்ணம் வந்த அன்றே அங்கும் பதிந்துவிடுவது நல்லது.

யார் விண்ணப்பிக்கலாம்? சுப்பர் விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பாவைச் சேர்க்கலாமா?

குறைந்தது ஒருவர் 16 வயது நிரம்பி, தனியாக வாழக்கூடியவராக இருக்க வேண்டும். வீட்டில் சேர்க்கும் ஒவ்வொருவரும் கனடியப் பிரஜை, நிரந்தர வதிவாளர், நிரந்தர வதிவுக்கு விண்ணப்பித்தவர், அகதிக் கோரிக்கையாளர் அல்லது பாதுகாப்புப் பெற்றவராக இருக்க வேண்டும். நடைமுறைப்படுத்தக்கூடிய வெளியேற்ற ஆணை யார் மேலும் இருக்கக்கூடாது. முன்பு இருந்த அரச உதவி வீட்டில் வாடகைப் பாக்கி இருந்தால், அதைக் கட்ட வேண்டும் அல்லது தவணை ஒப்பந்தம் செய்ய வேண்டும்.

சுப்பர் விசாவில் இருப்பவர் வருகையாளர். அவரை வீட்டு உறுப்பினராகக் கணக்கிட முடியாது, அவருக்கென்று கூடுதல் அறையும் கேட்க முடியாது. விருந்தினராக எவ்வளவு காலம் தங்கலாம் என்பதற்கும் கட்டட விதி இருக்கும்.

ஸ்பொன்சர் செய்யப்பட்டு நிரந்தர வதிவுடன் வந்த பெற்றோர் விண்ணப்பிக்கலாம். மகன் வீட்டில் இருந்தாலும் தனிக் குடும்பமாக விண்ணப்பிக்கத் தடையில்லை. ஆனால் ஸ்பொன்சர் செய்தவர் பராமரிப்பதாகக் கையெழுத்திட்டிருக்கிறார் என்பதால், அந்த ஆதரவைப் பெற முயற்சி செய்யும்படி அலுவலகம் கேட்கலாம். ஸ்பொன்சர் செய்தவராலேயே துன்புறுத்தப்படுபவர்களின் நிலை வேறு. முன்னுரிமை பற்றிய கேள்வியைப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு வீடு இருக்கிறது. சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் அதிகம் இடறுவது இங்கேதான். வருடம் முழுவதும் வசிக்கக்கூடிய வீட்டில் உங்களுக்கு உரிமை இருந்தால், அது ஒன்ராறியோவுக்கு வெளியே, நாட்டுக்கு வெளியே இருந்தாலும், உதவி வாடகை தொடங்கி 180 நாள்களுக்குள் அந்த உரிமையைக் கைமாற்றிவிட வேண்டும் என்பது மாகாண விதி. காத்திருக்கும்போதே விற்க வேண்டியதில்லை. விற்க முடியாத காரணம் இருந்தால், கால நீடிப்பை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

சீதனமாக எழுதிய வீடு, சகோதரர்களோடு பங்காக இருக்கும் வீடு, உறுதி யார் பெயரில் என்றே தெரியாத வீடு என்று சிக்கல்கள் உண்டு. உங்களுக்குத் தெரிந்ததை விண்ணப்பத்தில் அப்படியே எழுதுங்கள். பிறகு தெரியவந்தால் உதவியும் போகும், கொடுத்த உதவிப் பணத்தையும் திருப்பிக் கேட்பார்கள்.

சொத்து வரம்பும் உண்டு. 50,000 டாலருக்குக் குறையாத ஒரு தொகையைச் சேவை முகாமையாளர் வரம்பாக வைப்பார். எவை கணக்கில் வரும், எவை வராது என்ற பட்டியலை அவரிடமே கேட்டு வாங்குங்கள். பிள்ளையோடு கூட்டாக வைத்திருக்கும் வங்கிக் கணக்கில் பிள்ளையின் பணம் கிடந்தால், அது யாருடையது என்று காட்டச் சொல்வார்கள். விண்ணப்பிக்கும் முன்னரே கணக்கைப் பிரிப்பது சுலபம்.

என்னென்ன பத்திரங்கள் வேண்டும்?

ஒவ்வொருவரின் குடிவரவு அத்தாட்சி, பிறந்த திகதி அத்தாட்சி, 16 வயது நிரம்பிய எல்லோரின் கையெழுத்து, கனடா வருமானவரி அலுவலகமான சி.ஆர்.ஏ. அனுப்பும் கடைசி வருட வரி மதிப்பீட்டு அறிவித்தல், பிள்ளைகள் ஒரு பெற்றோரிடம் மட்டும் இருந்தால் பராமரிப்பு உரிமைப் பத்திரம். சில பகுதிகளில் வங்கிக் கூற்றும் கேட்பார்கள்.

இரண்டு விடயங்களால் விண்ணப்பம் அதிகம் திரும்பி வருகிறது. ஒன்று, 16 அல்லது 17 வயதுப் பிள்ளை கையெழுத்திடாமல் விடுவது. மற்றது பெயர். நிரந்தர வதிவு அட்டையில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகவும், வரிப் பத்திரத்தில் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகவும் இருந்தால், அலுவலகத்தில் அது இரண்டு ஆட்கள். எல்லாப் படிவத்திலும் வதிவு அட்டையில் உள்ளபடியே எழுதி, மற்றப் பெயரையும் ‘இப்படியும் அறியப்படுபவர்’ என்று குறிப்பிடுங்கள்.

உங்கள் இடம் பொதுவாக விண்ணப்பம் முழுமையாகக் கிடைத்த திகதியிலிருந்தே எண்ணப்படும். ஒரு பத்திரம் குறைந்து மூன்று மாதம் கிடந்தால், மூன்று மாதம் பின்னால் போவீர்கள். எனவே முழுமையாகிவிட்டது என்ற கடிதம் வரும்வரை விசாரித்துக்கொண்டே இருங்கள். கடிதத்தில் உள்ள திகதியையும் கோப்பு எண்ணையும் படம் எடுத்து வையுங்கள்.

வேலையில்லை, வருமானமும் இல்லை. வரி பதிய வேண்டுமா?

கட்டாயம். வாடகைக் கணக்கே வரி மதிப்பீட்டில்தான் தொடங்குகிறது. வருமானம் பூச்சியம் என்றாலும் வீட்டிலுள்ள ஒவ்வொரு பெரியவரும் ஒவ்வொரு வருடமும் பதிய வேண்டும். குறைந்த வருமானக்காரருக்கு இலவசமாகப் பதிந்து தரும் தொண்டர் முகாம்கள் வசந்த காலத்தில் நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் நடக்கும்.

எந்தக் கட்டடங்களைத் தெரிவு செய்வது? எல்லாவற்றையும் போட்டால் சீக்கிரம் கிடைக்குமா?

முழு விண்ணப்பத்திலும் இதுதான் பாரமான முடிவு. 2020இல் வந்த விதிப்படி, நீங்கள் தெரிவு செய்த இடத்தில் ஒரு வீடு தரும்போது மறுத்தால் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படும். முன்பு மூன்றாவது தடவை மறுத்தால்தான் பெயர் போகும். இப்போது முதல் தடவையிலேயே போய்விடும். கடுமையான காரணம் இருந்தால் சேவை முகாமையாளர் விலக்கு அளிக்கலாம், ஆனால் ‘எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை’ என்பது காரணமாகாது.

எல்லாவற்றையும் குறித்தால் வாய்ப்பு சீக்கிரம் வரலாம். அந்த வீடு பேருந்து ஓடாத ஊரில், மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாமல் இருந்தால் என்ன செய்வீர்கள்? மறுத்தால் இத்தனை வருடக் காத்திருப்பும் போய்விடும். ஒரேயொரு கட்டடத்தை மட்டும் குறித்தால், அங்கே ஒருவர் வெளியேறும்வரை பட்டியல் அசையாது. எங்கள் கருத்து இது: உண்மையாகவே குடிபோகக்கூடிய எல்லா இடங்களையும் குறியுங்கள், போக மாட்டோம் என்று தெரிந்த ஒன்றைக்கூடக் குறிக்காதீர்கள்.

அதற்கு ஒரு சனிக்கிழமை ஒதுக்கிக் கட்டடங்களை நேரே போய்ப் பாருங்கள். உள்ளே போக முடியாவிட்டாலும் வெளியே நின்று கவனிக்க நிறைய உண்டு. ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஓடுகிறதா, பனிக்காலத்தில் நடந்து மருந்துக்கடைக்குப் போகலாமா, பிள்ளைக்குப் பாடசாலை எது, லிஃப்ட் இருக்கிறதா, உடுப்புத் தோய்க்கும் அறை எங்கே, வெப்பமூட்டல் வாடகைக்குள் அடங்குமா, மின்கட்டணம் தனியா. மின்சாரத்தால் சூடாக்கும் வீட்டில் மின்கட்டணம் உங்கள் கணக்கில் என்றால், சனவரி பில் கையைக் கடிக்கும்.

கூட்டுறவு வீடுகளைக் குறிக்கும் முன் ஒரு விடயம் தெரிந்திருக்க வேண்டும். அங்கே நீங்கள் வாடகைக்காரர் மட்டுமல்ல, அங்கத்தவரும்கூட. கூட்டங்களுக்குப் போவதும் சில பணிகளில் கைகொடுப்பதும் எதிர்பார்க்கப்படும். பொதுவாக ஒரு நேர்காணலும் இருக்கும்.

தெரிவுகளைப் பின்னர் மாற்றலாம். ஒரு கட்டடம் இனி ஒத்துவராது என்று தெரிந்தவுடன் எடுத்துவிடுங்கள். தொலைபேசி அழைப்பு வந்த பிறகு எடுக்க முடியாது.

எத்தனை அறை கேட்கலாம்?

பொதுவான கணக்கு: அதிகபட்சம், கணவன் மனைவிக்கு ஓர் அறை, மற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. குறைந்தபட்சம், இரண்டு பேருக்கு ஓர் அறை. பகுதிக்குப் பகுதி உள்ளூர் விதி கொஞ்சம் மாறும். தாயும் இரண்டு பிள்ளைகளும் என்றால் இரண்டு அறை வீட்டுக்கும் மூன்று அறை வீட்டுக்கும் தகுதி வரலாம். அனுமதிக்கும் எல்லா அளவுகளையும் குறித்தால் இரண்டு வரிசையில் நிற்கிறீர்கள். வெட்கத்தில் சின்ன வீடு போதும் என்று ஒன்றை மட்டும் குறிப்பவர்கள் வீணாகக் காத்திருக்கிறார்கள்.

மருத்துவக் காரணத்தால் தனி அறை வேண்டுமென்றால், வீட்டு அலுவலகம் தரும் படிவத்தில் உங்கள் மருத்துவர் எழுத வேண்டும். ‘தனி அறை நல்லது’ என்று எழுதினால் பலனில்லை. எந்த உபகரணம், எந்த நிலைமை, ஏன் பகிர முடியாது என்று இருக்க வேண்டும்.

எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

வருடங்கள். எத்தனை வருடம் என்பது பட்டியலின் நீளத்தை விட, நீங்கள் கேட்ட கட்டடத்தில் எத்தனை பேர் வெளியேறுகிறார்கள் என்பதில் தங்கியிருக்கிறது. பெருநகரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் இருப்பதால் சராசரி என்று ஒன்று சொல்லலாம். ஒரு சின்ன நகரத்தில் நான்கு அறை வீடுகள் ஒரு கை விரலுக்குள் அடங்கலாம். வருடத்தில் ஒருவர்கூட வெளியேறாவிட்டால் முதலாவதாக நிற்பவரும் அப்படியே நிற்பார்.

முதியோர் கட்டடங்களில் வெற்றிடம் அடிக்கடி வரும். வயதெல்லை கட்டடத்துக்குக் கட்டடம் வேறு. மிக நீண்டு கிடப்பது முதியோரல்லாத தனி ஆட்களுக்கான ஓர் அறை வரிசை.

‘நான் எத்தனையாவது?’ என்று கேட்பதை விட இப்படிக் கேளுங்கள்: ‘இந்தக் கட்டடத்தில், இந்த அளவு வீட்டில், கடைசியாகக் குடியேறியவர் எந்த வருடம் விண்ணப்பித்தவர்?’ அந்தப் பதிலை வைத்து உங்கள் தெரிவுகளைத் திருத்தலாம்.

முன்னால் போக வழி உண்டா?

மாகாணம் முழுவதும் பொதுவான முன்னுரிமை, துன்புறுத்தலுக்கும் ஆட்கடத்தலுக்கும் உள்ளானவர்களுக்கு உரியது. ‘விசேட முன்னுரிமை’ என்பார்கள். கூட வாழ்பவரோ ஸ்பொன்சர் செய்தவரோ துன்புறுத்தினால் இது பொருந்தும். அடி மட்டும் கணக்கில்லை: மிரட்டல், பணத்தைப் பிடுங்கி வைத்தல், குடிவரவுப் பத்திரங்களை ஒளித்தல் போன்ற கட்டுப்படுத்தலும் அடங்கும். பொலிஸ் முறைப்பாடு கட்டாயமில்லை. மருத்துவர், சட்டத்தரணி, ஆசிரியர், சமூகப் பணியாளர், குடியமர்வுப் பணியாளர் போன்ற ஒருவர் எழுத்தில் உறுதிப்படுத்தலாம்.

பிரிந்து வந்தவர் பொதுவாக மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கடந்துவிட்டால் தாமதத்துக்கான காரணத்தை எழுதிக் கேளுங்கள், நீடிக்க இடமுண்டு. இன்னும் அதே வீட்டில் இருந்தால், எந்த எண்ணுக்கு அழைக்கலாம், எந்த முகவரிக்குக் கடிதம் போடலாம் என்று முதலிலேயே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் ஒரு கடிதம் ஆபத்தாகிவிடும்.

இதற்கு வெளியே, வீடற்றவர்களுக்கோ வேறு பிரிவினருக்கோ உள்ளூர் முன்னுரிமைகள் இருக்கலாம். பட்டியலில் முன்னால் ஏற்றிவிடுகிறேன் என்று பணம் கேட்பவர் யாராயிருந்தாலும் ஏமாற்றுக்காரர். விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது.

பட்டியலிலிருந்து பெயர் எப்படிக் காணாமல் போகிறது?

பெரும்பாலும் மௌனத்தால். அலுவலகம் குறிப்பிட்ட கால இடைவெளியில், பொதுவாக வருடத்துக்கு ஒரு தடவை, இன்னும் வீடு வேண்டுமா என்று கேட்டு எழுதும். பதில் வராவிட்டால் கோப்பை மூடிவிடும். அந்தக் கடிதம் நீங்கள் இரண்டு வருடத்துக்கு முன் விட்டுவந்த பேஸ்மென்ட் முகவரிக்குப் போயிருக்கும்.

முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், குழந்தைப் பிறப்பு, திருமணம், பிரிவு, வருமானம், குடிவரவு நிலை எது மாறினாலும் எழுத்தில் அறிவியுங்கள். எத்தனை நாளுக்குள் என்பது உள்ளூர் விதியில் இருக்கும். 30 நாளுக்குள் முடித்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. தொலைபேசியில் சொன்னால் போதாது. மின்னஞ்சலில் கோப்பு எண்ணோடு அனுப்பினால் ஆதாரம் கையில் இருக்கும். இன்னொரு தொடர்பாளராக உறவினர் ஒருவரின் எண்ணையும் கொடுங்கள். குரலஞ்சல் பெட்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாத எண்களை எடுக்காமல் விடும் பழக்கத்தால் வீட்டை இழந்தவர்கள் உண்டு. ஊருக்கு ஒரு மாதம் போவதென்றால் அதையும் அறிவித்துவிட்டுப் போங்கள்.

வீடு தருவதாக அழைத்தார்கள். இப்போது குடியிருக்கும் வீட்டுக்காரருக்கு 60 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டுமே?

பதில் சொல்ல ஓரிரு நாள்கள்தான் தருவார்கள், குடிபோகவும் சில வாரங்களே இருக்கும். மாதவாடகைக் குடியிருப்பாளர் 60 நாள் முன்னறிவித்தலை என் 9 படிவத்தில் கொடுக்க வேண்டும். முடிவுத் திகதி வாடகைக் காலத்தின் கடைசி நாளாக இருக்க வேண்டும். இரண்டும் மோதும்.

இதற்கு வழி என் 11 படிவம். வீட்டுக்காரரும் நீங்களும் சம்மதித்தால், எந்தத் திகதியிலும் குடியிருப்பை முடிக்க அதில் கையெழுத்திடலாம். வாடகை ஏறியிருக்கும் நகரத்தில் பழைய குடியிருப்பாளர் போவதை வீட்டுக்காரர் பெரும்பாலும் விரும்புவார், அதனால் கேளுங்கள். அவர் சம்மதிக்காவிட்டால் ஒரு மாதம் இரட்டை வாடகை வரும். அதற்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்திருப்பது புத்தி. புதிய வீட்டுக்கு முதல் மாத வாடகை, சிலவேளை கடைசி மாத வைப்பு, குடியிருப்பாளர் காப்புறுதி, மின்கணக்குத் திறப்பு ஆகியவையும் இருக்கும். புதிய இடத்தில் கையெழுத்திடும் முன் பழைய இடத்தில் எதையும் முடிக்காதீர்கள்.

வாடகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

வரி மதிப்பீட்டில் 23600 என்று இலக்கமிட்ட இடத்தில் (line 23600) உள்ள நிகர வருமானத்தை எடுத்து, வீட்டுப் பெரியவர்கள் எல்லோருடையதையும் கூட்டி, 30 வீதம் கண்டு, 12ஆல் வகுக்கிறார்கள். ஒருவர் 24,000, மற்றவர் 12,000 என்றால் மொத்தம் 36,000. 30 வீதம் 10,800. மாதம் 900 டாலர். கனடா பிள்ளைகள் நலக் கொடுப்பனவு அந்த நிகர வருமானத்தில் வராது, ஆகவே வாடகையை ஏற்றாது. முழுநேர மாணவரின் வருமானமும் சேராது. ஆனால் ஒவ்வொரு வருடமும் பாடசாலைக் கடிதம் கொடுத்தால்தான். கடிதம் கொடுக்க மறந்தால் மகனின் கோடைகாலச் சம்பளம் உங்கள் வாடகையில் ஏறும்.

சமூக உதவி பெறுபவருக்கு வேறு அளவுகோல்: தனி ஆளுக்கு, பொதுவான உதவியான ஒன்ராறியோ வேர்க்ஸ் என்றால் 85 டாலர், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவியான ஓ.டி.எஸ்.பி. என்றால் 109 டாலர். மற்றவர்களுக்குக் குறைந்தபட்ச வாடகை ஒன்று உண்டு. இப்போதைய கணக்குமுறை வந்தபோது 129 டாலராக இருந்தது, பின்னர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவருகிறது.

வேலை போய்விட்டது, வரிப் பத்திரத்திலோ போன வருடச் சம்பளம் நிற்கிறது என்றால் பேசாமல் இருக்க வேண்டாம். வருமானம் 20 வீதமோ அதற்கு மேலோ குறைந்தால் வருடத்தின் நடுவிலும் வாடகையைக் குறைக்கக் கேட்கலாம்.

ஒன்ராறியோ வீட்டு உதவிப்பணம் தருகிறோம் என்கிறார்கள். எடுக்கலாமா?

கனடா–ஒன்ராறியோ வீட்டு உதவிப்பணம் 2020இல் தொடங்கியது. தனியார் வாடகை வீட்டில் இருந்துகொண்டே மாதாமாதம் பணம் பெறலாம். அந்தப் பகுதியின் சராசரி வாடகையில் 80 வீதத்துக்கும் உங்கள் வருமானத்தில் 30 வீதத்துக்கும் இடையிலான வித்தியாசமே தொகை. வேறு நகரத்துக்குப் போனாலும் கூடவே வரும்.

ஆனால் ஏற்றுக்கொண்டால் ஆர்.ஜி.ஐ. பட்டியலிலிருந்து பெயர் நீங்கும். சராசரியில் பழைய, குறைந்த வாடகைகளும் கலந்திருப்பதால், இன்று புதிதாக எடுக்கும் வீட்டின் வாடகைக்கு அது ஈடாகாமல் போகலாம். இப்போதிருக்கும் வீட்டின் வாடகை நியாயமாக இருந்து, அங்கேயே இருக்க முடியுமென்றால் எடுப்பது நல்லது. நெடுங்காலம் காத்திருந்து வரிசையில் முன்னுக்கு வந்துவிட்டவர்கள் அவசரப்படாமல், எதிர்பார்க்கும் தொகையை எழுத்தில் வாங்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

குடிவந்த பிறகு என்ன கவனிக்க வேண்டும்?

வருடாந்த மீளாய்வுப் படிவத்தைக் குறித்த நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உதவி நின்று முழுச் சந்தை வாடகை கேட்பார்கள். மகள் கலியாணம் முடித்துப் போனாலும், மருமகன் வந்து சேர்ந்தாலும் அறிவியுங்கள். ஆட்கள் குறைந்து வீடு பெரிதாகிவிட்டால் சிறிய வீட்டுக்கு மாறச் சொல்வார்கள். உடனே வெளியேற்ற மாட்டார்கள், ஆனால் மாற்றப் பட்டியலில் சேர மறுத்தால் உதவி போகும். நீண்ட காலம் ஊருக்குப் போய் நிற்பதற்கும் எல்லை உண்டு. பயணச்சீட்டு எடுக்கும் முன் எத்தனை நாள் என்று கேளுங்கள்.

தகுதியில்லை என்றோ, பெயர் நீக்கப்பட்டது என்றோ கடிதம் வந்தால்?

எழுத்தில் மீள்பரிசீலனை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கடைசி நாள் கடிதத்திலேயே இருக்கும், அது குறுகியது. முதலில் ‘இந்த முடிவை மீளாய்வு செய்யக் கேட்கிறேன்’ என்ற ஒரு வரியை நாளுக்குள் அனுப்பிவிடுங்கள், ஆதாரங்களைப் பின்னர் சேர்க்கலாம். கடிதம் பழைய முகவரிக்குப் போனது, மருத்துவமனையில் இருந்தேன், படிவத்தின் மொழி விளங்கவில்லை போன்ற காரணங்களுக்கு ஆதாரம் இருந்தால் பெயரைப் பழைய திகதியோடே திரும்பச் சேர்க்கும்படி கேளுங்கள். ‘பழைய திகதியோடு’ என்ற சொல்லை விட்டுவிட்டால் புதிய விண்ணப்பமாகப் பதிந்துவிடக்கூடும்.

சமூகச் சட்ட உதவி நிலையங்கள் குறைந்த வருமானக்காரருக்கு இலவசமாக உதவும். உங்கள் பகுதிக்குரியது எது என்று 211 என்ற தகவல் தொலைபேசிச் சேவைக்கு அழைத்துக் கேட்கலாம். அங்கே ‘தமிழ்’ என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். போகும்போது கடிதத்தின் உறையையும் எடுத்துச் செல்லுங்கள். தபால் முத்திரைத் திகதி அதில்தான் இருக்கிறது.